இறக்குமதிப் பெட்டியில் ‘ஓகே’ அழுத்துவதற்கு முன்



பாடசாலை ஊடகப் பிரிவுப் பிள்ளைகள் அஸருக்குப் பிறகு கணினி அறையில் என்னதான் செய்கிறார்கள் என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள். “சேர், எடிட்டிங் முடிஞ்சிட்டெண்டு சொன்னீங்களே, இன்னும் என்ன வேலை?” என்று ஒரு வாப்பா நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். வீடியோ வேலை செய்யும் தம்பிமாருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

பவள விழா ஆவணப்படத்துக்காக ஊரின் மூத்தவர்கள் பலரைப் பேச வைத்துப் பதிவு செய்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், பாடசாலைக்குக் காணி கொடுத்த குடும்பத்தவர்கள், ஓலைக் கொட்டிலில் படித்தவர்கள். அவர்களில் இருவர் இப்போது நம்மோடு இல்லை. ஒருவர் நம்மில் பலருக்குப் பாடம் சொல்லித்தந்த முன்னாள் அதிபர். அல்லாஹ் அவர்களுடைய கப்றுகளை விசாலமாக்குவானாக. அவர்கள் முகத்தோடும் குரலோடும் இருக்கும் பதிவு இது ஒன்றுதான். இனி எடுக்க முடியாது. அதனால்தான் இந்த வேலையில் இவ்வளவு நேரம் போகிறது.

படத்தை வெட்டி ஒழுங்குபடுத்தித் தந்தவர் கட்டாரில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர். தொழிலே அவருக்கு எடிட்டிங். சொந்தமாகக் காசு கட்டி வைத்திருக்கும் அடோபி பிரீமியர் புரோவில் செய்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. வெட்டி முடித்ததற்குப் பிறகுதான் எங்கள் பங்கு. மூத்தவர்கள் பேசும்போது கீழே பெயர் வர வேண்டும். பழைய புகைப்படங்களில் கீறல் நீக்க வேண்டும். பின்னால் நிற்கும் கூட்டத்தில் ஒருவரை மட்டும் வெளிச்சமாகக் காட்ட வேண்டும். பழைய கட்டடம் இருந்த இடத்தில் இன்றைய கட்டடத்தை மெதுவாகத் தோன்ற வைக்க வேண்டும். ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை அடுக்கிச் செய்யும் இந்த வேலைக்குக் கொம்போசிட்டிங் என்று பெயர். எடிட்டிங் துணியை வெட்டித் தைப்பது என்றால், இது தைத்த துணியில் பூ வேலை செய்வது.

நாங்கள் இதற்கு டாவின்சி ரிசோல்வைப் பயன்படுத்துகிறோம். அதன் இலவசப் பதிப்பே பாடசாலைக்குப் போதும். ஃபியூஷன் என்ற கொம்போசிட்டிங் பகுதி 2018இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே இருக்கிறது. ‘கிராக்’ செய்த மென்பொருளில் பிள்ளைகளைப் பழக்குவதில்லை என்று முதல் நாளே முடிவெடுத்தோம். பாடசாலையின் வரலாற்றைச் சொல்லும் படத்தைக் களவெடுத்த கருவியில் செய்ய மனம் இடம் தரவில்லை.

ஆகவே கேள்வி இதுதான். பிரீமியரில் வெட்டிய படம் ரிசோல்வுக்கு எப்படி வரும்?

லேசான வழி, முழுப் படத்தையும் ஒரே எம்பி4 பைலாக வாங்குவது. வட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி. ஆனால் அப்படி வந்தால் எல்லாம் ஒட்டிப்போய் வரும். மூத்தவர் ஒருவர் வசனம் முடித்து ஒரு கணம் அமைதியாக இருந்தார், அந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டுவோம் என்றால் நீட்ட முடியாது. வெட்டப்பட்ட பகுதி அந்தப் பைலில் இல்லை.

மற்ற வழி, எக்ஸ்எம்எல் என்ற சிறிய பைலை வாங்குவது. அதற்குள் வீடியோ இல்லை. “இந்தப் பைலில் இத்தனையாவது நொடியிலிருந்து இத்தனையாவது நொடிவரை எடு, அதற்குப் பக்கத்தில் இதை வை, இந்தப் படத்தை இவ்வளவு பெரிதாக்கு” என்ற குறிப்புகள் மட்டும்தான். சமையல் குறிப்பு மாதிரி. அரிசியும் இறைச்சியும் நம்மிடம் இருக்க வேண்டும். மூலப் பதிவுகள் எல்லாம் பாடசாலை ஹார்ட் டிஸ்கில் இருப்பதால் எங்களுக்கு இந்த வழி பொருந்தியது. பதிவுகளின் பாரம் குறைந்த நகல்களை மட்டும் இன்டர்நெட்டில் கட்டாருக்கு அனுப்பினோம். அவர் அந்த நகல்களை வைத்து வெட்டி, எக்ஸ்எம்எல்லைத் திருப்பி அனுப்பினார்.

இந்தப் பைலை ரிசோல்வில் திறக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வரும். நான்கைந்து கட்டங்கள், சிலவற்றில் ஏற்கனவே சரி அடையாளம் போட்டிருக்கும். பெரும்பாலான ஆக்கள் வாசிக்காமல் ‘ஓகே’ அழுத்திவிடுவார்கள். நாங்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகளை ஒரு பின்னேரம் முழுக்க இருக்க வைத்தோம். ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்தும் போட்டும் பார்த்து, என்ன மாறுகிறது என்று கொப்பியில் எழுத வைத்தோம். அவர்கள் எழுதியதன் சுருக்கம் இது.

ஒன்று, புரொஜெக்ட் அமைப்பைத் தானாகவே வைத்துக்கொள் என்பது. இதைப் போட்டுவிட்டால், படத்தின் அளவையும் நொடிக்கு எத்தனை பிரேம் என்பதையும் எக்ஸ்எம்எல்லில் உள்ளபடி எடுத்துக்கொள்ளும். இது முக்கியம். புரொஜெக்டுக்குள் வீடியோக்கள் வந்த பிறகு பிரேம் எண்ணிக்கையை மாற்ற ரிசோல்வ் விடாது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை பால், நொடிக்கு 25 பிரேம். வேறு எண்ணில் புரொஜெக்ட் திறந்திருந்தால் மீண்டும் முதலிலிருந்துதான்.

இரண்டு, மூல வீடியோக்களைத் தானாகவே கொண்டுவா என்பது. எக்ஸ்எம்எல்லில் எழுதியிருப்பது கட்டாரில் உள்ள கணினியின் பாதை. நம் கணினியில் அந்தப் பாதையே கிடையாது. ஆகவே எங்கள் பிள்ளைகள் இந்த அடையாளத்தை எடுத்துவிட்டு, மூலப் பதிவுகளைத் தாங்களே முதலில் மீடியா பூலுக்குள் கொண்டுவந்தார்கள். ஏற்கனவே உள்ளே இருப்பவற்றோடு மென்பொருள் பொருத்திக்கொள்ளும்.

மூன்று, அளவுத் தகவலைப் பயன்படுத்து என்பது. இதை எடுத்துவிட்டால் எடிட்டர் செய்த பெரிதாக்கல், நகர்த்தல் எதுவும் வராது. 60 பேர் நிற்கும் வகுப்புப் படத்தில் ஒருவருடைய முகத்துக்கு மெதுவாக நெருங்கிப் போகும் காட்சி, 60 பேரும் அசையாமல் நிற்கும் காட்சியாகிவிடும். இதில் ஒரு நுணுக்கம். நகல் செய்யும்போது படச்சட்ட அளவைக் குறைத்துவிட்டால், அந்தச் சின்ன நகலுக்குக் கொடுத்த பெரிதாக்கல் கணக்கு மூலப் பதிவுக்குப் பொருந்தாது. அதனால் நகல்களும் 1920×1080 ஆகவே இருந்தன. தரத்தைக் குறைத்துத்தான் பைலைச் சிறிதாக்கினோம்.

நான்கு, பொருத்தும்போது பைலின் பின்னொட்டைப் பார்க்காதே என்பது. நகல்கள் எம்ஓவி, மூலம் எம்பி4. பெயர் ஒன்று, பின்னொட்டு வேறு. இந்த அடையாளம் போடாவிட்டால் எல்லா இடத்திலும் ‘மீடியா ஒப்லைன்’ என்று சிவப்பாக வரும்.

எல்லாம் சரியாகப் போட்டு, படமும் வந்துவிட்டது. ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லை. பிள்ளைகள் சந்தோஷத்தில் கைதட்டினார்கள். பிறகு ஓடவிட்டுப் பார்த்தபோது, உயர்தர வகுப்புத் தங்கை ஒருத்தி, “சேர், இந்த இடத்துல பெரிய சேர்தானே வரணும்? இது வேற ஆளே!” என்றாள்.

மர்ஹூம் அதிபர் அவர்கள் தன்னுடைய முதல் நியமனத்தைப் பற்றிச் சொல்லும் இடம் அது. அங்கே வேறொரு மூத்தவர் வந்து வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். கீழே பெயர் போட வேண்டிய இடம் அதிபருக்காக அப்படியே காத்திருந்தது.

காரணத்தைத் தேடிப் போனோம். பதிவு செய்ய வாடகைக்கு வந்த இரண்டு கெமராக்களும் தங்கள் பைல்களுக்கு சி0001, சி0002 என்று ஒரே மாதிரியே பெயர் வைத்திருந்தன. நேரக்குறியும் ஒவ்வொரு கார்டிலும் பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தது. பதிவு செய்தவர்கள் பெயரை மாற்றாமலே ஒப்படைத்திருந்தார்கள். கட்டாரில் அவை வெவ்வேறு போல்டரில், தெளிவான பாதையோடு இருந்ததால் அங்கே குழப்பமில்லை. இங்கே பாதை அறுந்துபோன பிறகு மென்பொருளிடம் இருந்தது பெயரும் நேரக்குறியும்தான். இரண்டும் இரண்டு பேருக்கும் பொருந்தின. அது ஒருவரைத் தெரிவு செய்துவிட்டது.

இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தும்போது எங்களுக்கு ஒரு கிதாப் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 463இல் வஃபாத்தான கதீப் அல் பக்தாதி அவர்கள், ‘அல் முத்தஃபிக் வல் முஃப்தரிக்’ என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். ஒரே பெயர், ஆனால் வெவ்வேறு ஆட்களான ஹதீஸ் அறிவிப்பாளர்களைப் பிரித்துக் காட்டுவதற்காகவே எழுதப்பட்ட நூல். பெயர் ஒன்றாக இருக்கலாம், தகப்பன் பெயர்கூட ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒருவர் நம்பத்தகுந்தவராகவும் மற்றவர் பலவீனமானவராகவும் இருக்கக்கூடும். மாறிவிட்டால், சொல்லாத ஒருவரின் பெயரில் ஒரு சொல் நிலைத்துவிடும். கிட்டத்தட்ட ஆயிரம் வருடங்களுக்கு முன் இருந்த அறிஞர்கள் பெயர்க் குழப்பத்துக்கு ஒரு நூலே எழுதினார்கள் என்றால், இரண்டு சி0001களுக்காக நாங்கள் இரண்டு பின்னேரம் செலவழிப்பது பெரிய விஷயமில்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் பேசாமல் வேலையைத் தொடங்கினார்கள்.

செய்தது இவ்வளவுதான். ஒவ்வொரு மூலப் பைலுக்கும் கெமரா எண், பதிவு நாள், பேசியவரின் குறியெழுத்து மூன்றையும் சேர்த்துப் புதிய பெயர். நகல்களுக்கும் அதே பெயர். கட்டாரில் உள்ள தம்பி தன்னுடைய புரொஜெக்டைப் புதிய நகல்களோடு இணைத்துப் புதிய எக்ஸ்எம்எல் அனுப்பினார். அதோடு முழுப் படத்தையும், மூலையில் நேர எண் ஓடும் ஒரு சின்ன எம்பி4 ஆகவும் அனுப்பினார். ரிசோல்வில் அதை ‘ஒப்லைன் ரெபரன்ஸ்’ ஆக இணைத்து, வந்திருக்கும் படத்தோடு பக்கத்தில் வைத்து வெட்டு வெட்டாக ஒப்பிடலாம். இரண்டு பிள்ளைகள் பார்க்க, ஒருவர் அடையாளமிட, முழுப் படமும் இப்படிச் சரிபார்க்கப்பட்டது. பெரிய சேர் தன் இடத்தில் வந்து தன் வாயாலேயே தன் கதையைச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

சரிபார்த்தபோதுதான் எக்ஸ்எம்எல்லில் எவையெல்லாம் வராது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. வெட்டுகள், அடுக்குகள், சாதாரண டிசோல்வ் எல்லாம் வரும். பிரீமியரில் செய்த எழுத்துகள் வராது. நிறத் திருத்தம் வராது. வெளியிலிருந்து வாங்கிப் போட்ட எபெக்ட்களும் வராது. அதனால் எடிட் செய்பவர் பெயரையும் நிறத்தையும் தொடாமல் தருவதுதான் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினி இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடில் அடித்தாலும் எல்லா வீடியோ மென்பொருளும் தமிழை ஒழுங்காகக் கோக்காது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து மறுபக்கம் நிற்கும். அரபு அதைவிடக் கஷ்டம். இணைய வேண்டிய எழுத்துகள் தனித்தனியாக, இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்கும். பிஸ்மில்லாஹ்வே அப்படி உடைந்து நிற்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பிள்ளைகள் பெயர்ப்பட்டைகளை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் செய்கிறார்கள். அது தமிழையும் அரபையும் சரியாகக் கோக்கும். பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து ரிசோல்வுக்குக் கொண்டுவந்தால் எழுத்துருத் தொல்லையே இல்லை. இலச்சினையைச் சுற்றிக் கறுப்பு ஓரம் தெரிந்தால், கிளிப் அமைப்பில் ‘அல்ஃபா’ என்ற இடத்தைப் பாருங்கள். பிஎன்ஜிக்கு ‘ஸ்ட்ரெய்ட்’ என்பதே சரி.

பழைய கசெட்டுகளில்தான் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. எங்களுக்குக் கிடைத்த மினி டிவி கசெட்டுகளின் படம் 720×576. அந்தப் படத்தின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. சதுரம் என்று எடுத்துக்கொண்டால் முகங்கள் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். அகலத் திரையை நிரப்ப இழுத்தால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் வேறொரு நிகழ்வுக்காக ஒரு ஸ்டூடியோவில் பழைய கசெட் ஒன்றை மாற்றித் தந்தார்கள். அதில் எங்கள் உஸ்தாத்மார் எல்லாரும் இழுபட்ட முகத்தோடு இருந்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மரியாதையாக நினைவுகூர வேண்டியவர்களைப் பார்த்துச் சிரிக்க வைத்தது ஒரு தெரிவுப் பெட்டிதான். இந்த முறை 4க்கு 3 என்ற அளவிலேயே வைத்து, பக்கங்களைக் கறுப்பாக விட்டிருக்கிறோம். திரை நிறையவில்லை என்று யாரும் குறை நினைக்க வேண்டாம். முகம் அவர்களுடைய முகமாகவே இருக்கிறது.

அந்தக் கசெட்டுகளில் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும், நொடிக்கு 50 பாதிகள். மினி டிவியில் கீழ்ப்பாதி முதலில். இதை மாற்றிக் கொடுத்தால், கை அசைக்கும் இடமெல்லாம் முன்னும் பின்னும் நடுங்கும். கைத்தொலைபேசிப் பதிவுகளில் வேறு பிரச்சினை. அவற்றில் பிரேம் எண்ணிக்கை நிலையாக இருப்பதில்லை. போகப் போக வாயும் குரலும் விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் எண்ணிக்கைக்கு மாற்றிய பிறகே அவற்றைச் சேர்க்கிறோம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் தம்பிமாரில் பலர் ஆப்டர் எபெக்ட்ஸ் பாவிப்பது எங்களுக்குத் தெரியும். அவர்களுக்காக மூன்று விஷயம். பிரீமியர் புரொஜெக்டை அதற்குள் நேரடியாகக் கொண்டுவரலாம். எந்த சீக்குவன்ஸ், ஓடியோ வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். வேலைக்குத் தேவையான ஒன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். இரண்டாவது, படத் தொடராக வரும் பைல்களை அது நொடிக்கு 30 பிரேம் என்றே எடுத்துக்கொள்ளும், நீங்கள் மாற்றும்வரை. 25இல் செய்த 750 படங்கள் 30 நொடி ஓட வேண்டும். அங்கே 25 நொடியில் முடிந்துவிடும், குரல் 5 நொடி மிஞ்சும். பிரிபரன்ஸில் இம்போர்ட் பகுதிக்குப் போய் 25 என்று மாற்றிவையுங்கள். மூன்றாவது, அடுக்குகளோடு உள்ள போட்டோஷொப் பைலைக் கொண்டுவரும்போது, ஒவ்வொரு அடுக்கும் தன் சொந்த அளவில் வரும் தெரிவை எடுத்தால், சுழற்றவும் பெரிதாக்கவும் மையம் சரியான இடத்தில் இருக்கும். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் வேலைகளில் கணிசமானவை இப்படியான இடங்களில் சறுக்கியவை. கற்பனைத் திறன் குறைந்ததால் திரும்பியவை அல்ல.

அந்தப் பெட்டியில் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும் அடையாளங்கள் யாரோ, எங்கேயோ, தங்கள் வேலைக்கு ஏற்றபடி தீர்மானித்தவை. 30 என்பது வேறொரு நாட்டுத் தொலைக்காட்சியின் கணக்கு. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் கணக்கை நாம்தான் போட வேண்டும். பிள்ளைகள் இதை விளங்கிக்கொண்டதுதான் எங்களுக்கு இந்தப் படத்தைவிடப் பெரிய சந்தோஷம். இப்போது எந்த மென்பொருளில் எந்தப் பெட்டி வந்தாலும் ‘இதுக்கு என்ன அர்த்தம் சேர்?’ என்று கேட்கிறார்கள். சில நேரம் எங்களுக்கே தெரியாத பெட்டிகள். சேர்ந்து தேடுகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்முடையது கரையோர ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் எத்தனையோ வீடுகளின் அல்பங்களும் கசெட்டுகளும் உயிர்களோடு சேர்ந்து போயின. ஒரு தலைமுறையின் முகங்கள் பல வீடுகளில் இல்லை. எஞ்சியிருப்பவை அலுமாரி மேலேயும், கட்டிலுக்குக் கீழேயும், பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் பழைய விளையாட்டுப் போட்டி, மீலாத் விழா, கலியாணம், எதுவாக இருந்தாலும் பாடசாலை தெரியும் ஒரு கசெட் இருந்தால், எறிந்துவிடாதீர்கள். ஸ்டூடியோவில் மாற்றக் கொடுத்தால், ‘சின்ன பைலாத் தாங்க’ என்று கேட்காமல், கசெட்டில் உள்ள அளவிலேயே, 25 பிரேமிலேயே கேட்டு வாங்குங்கள். கசெட்டையும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் தந்தால் இன்னும் நல்லது. வேலை நாட்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கணினி அறை திறந்திருக்கும். வெளியில் ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று விஷயம் எழுதி ஒட்டித் தாருங்கள்: யாருடையது, எந்த வருடம், யார் யார் இருக்கிறார்கள். வருடம் சரியாகத் தெரியாவிட்டால், ‘மூத்த மகன் பிறந்த வருஷம்’ என்று எழுதினாலும் போதும். வீட்டுப் பெண்கள் தெரியும் பகுதிகள் இருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தப் பகுதிகளை ஆசிரியைகள் மட்டுமே பார்த்து ஒதுக்குவார்கள். கசெட் ஒரு கீறலும் இல்லாமல் உங்கள் கைக்குத் திரும்பும். அமானிதம்.

பவள விழா அன்று குடும்பத்தோடு வாருங்கள். பெரிய சேரின் பிள்ளைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.